பல்கலைக்கழகத்தில் போர்த்துக்கீசியம்: காதில் தொடங்கி ஏட்டுக்குப் போகும் வழி

சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். லிஸ்பன் பேச்சா, பிரேசில் பேச்சா? இதைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் இரண்டாம் ஆண்டில் வாய்மொழித் தேர்வில் திணறுகிறார்கள். காலையில் போர்ச்சுகல் பாடநூல், இரவில் பிரேசில் தொடர், பேருந்தில் ஒரு செயலி என்று ஓட்டினால் காது எதிலும் படியாது. வாயில் வருவது இரண்டும் கெட்டான் உச்சரிப்பாக இருக்கும்.

போர்ச்சுகல், பிரேசில், அங்கோலா, மொசாம்பிக், கேப் வெர்டே, கினி-பிசாவு, சாவோ டோமே, கிழக்கு திமோர், ஈக்குவட்டோரியல் கினி என 9 நாடுகளில் இது ஆட்சிமொழி. சீனாவின் மக்காவ் பகுதியிலும் சீனத்தோடு சேர்ந்து ஆட்சிமொழியாக இருக்கிறது. 1990-இல் கையெழுத்தான எழுத்து ஒப்பந்தம் எழுத்துமுறையைப் பெருமளவு ஒன்றாக்கியது. பேச்சு ஒன்றாகவில்லை. லிஸ்பன்காரர் அழுத்தம் விழாத உயிர்களை விழுங்கிவிடுவார். ‘தெலெஃபோனெ’ என்று எழுதியிருப்பது காதில் ‘த்ல்ஃபோன்’ என்று விழும். பிரேசிலில் உயிர்கள் விரிந்து ஒலிக்கும், ஆனால் ‘நாள்’ என்ற பொருளுள்ள ‘தீஅ’ பெரும்பாலான ஊர்களில் ‘ஜீஅ’ ஆகிவிடும். சொற்களும் மாறும். ரயிலுக்குப் போர்ச்சுகலில் ‘கொம்போயு’, பிரேசிலில் ‘ட்ரேய்ன்’. ‘ப்ரொபீனா’ என்ற சொல்லைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள்: போர்ச்சுகலில் அது பல்கலைக்கழகக் கட்டணம், பிரேசிலில் லஞ்சம்.

லிஸ்பன், கொயம்ப்ரா, போர்ட்டோ, கோவா இவற்றில் ஏதாவது ஒன்றில் படிப்பதென்றால் ஐரோப்பிய வழக்கை எடுங்கள். பிரேசில் இலக்கியமோ, பிரேசில் நிறுவன வேலையோ குறி என்றால் பிரேசில் வழக்கு. முதல் நான்கு செமஸ்டர் பேசுவதும் எழுதுவதும் ஒரே வழக்கில் இருக்கட்டும். படிப்பதற்கு மட்டும் கதவை எல்லாப் பக்கமும் திறந்து வையுங்கள்.

எங்கே படிப்பது

இந்தியாவில் கோவா பல்கலைக்கழகம்தான் இதற்கு இயல்பான இடம். போர்த்துக்கீசியத்தில் எம்.ஏ. அங்கே உண்டு, பாடத்திட்டம் போர்ச்சுகலோடு நிற்காமல் அந்த மொழி வழங்கும் மற்ற நாடுகளுக்கும் போகிறது. பனாஜியின் ஆவணக் காப்பகமும், 1832-இல் தொடங்கப்பட்ட மத்திய நூலகமும் பக்கத்திலேயே இருப்பது வேறெங்கும் கிடைக்காத வசதி. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சான்றிதழ், டிப்ளமோ, உயர்நிலை டிப்ளமோ என்று படிப்படியாக ஏறலாம். வேறு பட்டம் படித்துக்கொண்டே மொழியைத் தொடங்க நினைப்பவர்களுக்கு அது ஏற்றது.

போர்ச்சுகலுக்கே போவதானால், அடிப்படை தெரியாமல் நேராக இளங்கலையில் சேராதீர்கள். வகுப்பு முழுக்கப் போர்த்துக்கீசியத்தில் நடக்கும், உடன் படிப்பவர்களுக்கு அது தாய்மொழி. பி2 நிலை (ஏ1 முதல் சி2 வரை போகும் ஐரோப்பிய மொழி அளவுகோலில் நான்காம் படி) இல்லாமல் உள்ளே போனால் முதல் செமஸ்டர் வீண். கொயம்ப்ராவிலும் லிஸ்பனிலும் உள்ள கலைப்புலங்கள் வெளிநாட்டவருக்கென்றே மொழி, பண்பாட்டுப் படிப்புகளை நடத்துகின்றன. அதில் ஓராண்டு இருந்துவிட்டுப் பட்டப்படிப்புக்கு மாறுவது நல்ல வழி.

அங்கே இளங்கலை 3 ஆண்டு, 180 கிரெடிட். முதுகலை 2 ஆண்டு, 120 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 28 மணி நேர உழைப்பு. ஆக 6 கிரெடிட் தாள் ஒன்றுக்கு 150 மணி நேரத்துக்குமேல் ஆகும். வாரம் 4 மணி நேர வகுப்பு என்று வைத்தாலும் அதில் பாதிகூட வராது. மிச்சம் நீங்கள் தனியே உட்கார்ந்து படிப்பதாகத்தான் இருக்க வேண்டும். வகுப்புக்குப் போனால் போதும் என்று நினைக்கிறவர்கள் சறுக்குவது இந்தக் கணக்கில்தான். மதிப்பெண் 20-க்கு, 10 எடுத்தால் தேர்ச்சி. 14 என்று வந்தால் மனம் உடைய வேண்டாம், அது நல்ல மதிப்பெண்.

சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் என்ற, அயல்நாட்டில் செல்லுபடியாக்கும் முத்திரை வேண்டும். இந்தியாவில் மாநில அளவில் சரிபார்த்தபின் வெளியுறவு அமைச்சகம் தரும். அதன்பின் போர்த்துக்கீசிய மொழிபெயர்ப்பு கேட்பார்களா என்பது புலத்துக்குப் புலம் மாறும். விண்ணப்பிக்கும் முன்பே எழுதிக் கேளுங்கள். இந்த வேலைகளுக்கு மூன்று நான்கு மாதமாவது ஒதுக்குங்கள். பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயரும் பாஸ்போர்ட்டில் வேறு வரிசையும் இருந்தால் அங்கேயே சிக்கும். தந்தை பெயரை முதலெழுத்தாக மட்டும் வைத்திருக்கும் தமிழர்களுக்கு இது அடிக்கடி வரும் தலைவலி என்பதால், அதை முதலில் சரிசெய்யுங்கள்.

காது

தமிழ்க் காதுக்குச் சில ஒலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. என், எச் என்று இரண்டு எழுத்தாக எழுதும் ஒலி நம் ஞகரம்தான். திராட்சை மதுவுக்கு ‘வீஞு’. ஒற்றை ரகரத்துக்கும் இரட்டை ரகரத்துக்கும் பொருள் மாறும் என்பது ரகர றகரம் தெரிந்தவருக்குப் புதிதல்ல: ‘காரு’ என்றால் விலை அதிகம், அதையே இரட்டை ரகரத்தோடு தொண்டைக்குள்ளிருந்து சொன்னால் வண்டி.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தமிழில் வல்லெழுத்து இடத்துக்கு ஏற்ப மாறி ஒலிக்கும். பகரம் சொல்லின் முதலில் ஒருவிதம், மெல்லினத்தின் பின்னே வேறுவிதம். நமக்கு அது பொருளை மாற்றாது. போர்த்துக்கீசியத்தில் மாற்றும். சகரத்திலும் அப்படித்தான். வீட்டுக்கான சொல்லையும் வேட்டைக்கான சொல்லையும் தமிழெழுத்தில் எழுதினால் இரண்டும் ‘காஸ’தான். வீட்டில் நடு ஒலி தேனீ ரீங்கரிப்பதுபோல அதிரும், வேட்டையில் அதிராது. கத்தி ‘ஃபாக’, பசு ‘வாக’. இவற்றைக் கலந்தால் சொல்லே மாறிவிடும். ஆகவே இன்னொரு விதியையும் இப்போதே வைத்துக்கொள்ளுங்கள்: இந்தக் கட்டுரையில் தமிழெழுத்தில் தருவதெல்லாம் அடையாளத்துக்கு மட்டும். உங்கள் நோட்டில் உச்சரிப்பைத் தமிழில் எழுதவே கூடாது. எழுதிய அன்றே அந்த வேறுபாடு கண்ணிலிருந்தும் காதிலிருந்தும் மறைந்துவிடும்.

மூக்கொலி உயிர்கள் அடுத்த தடை. ரொட்டிக்கான சொல்லில் உயிரின் மேல் அலைக்குறி இருக்கும். காற்று மூக்கிலும் வாயிலும் ஒருசேரப் போக வேண்டும், இறுதியில் நாக்கு எங்கும் தொடக்கூடாது. இலங்கைத் தமிழில் ‘பாண்’ என்று நின்றுவிட்ட அதே சொல்தான். நாம் மூக்கொலியை ணகரமாக இறுக்கிக்கொண்டோம். மூக்கொலியை விட்டுவிட்டால் ‘பாவ்’ என்றாகி, கடைக்காரரிடம் கட்டை கேட்டதாக முடியும்.

பயிற்சி இப்படி: நாள்தோறும் 15 நிமிடம், ஒரு நிமிட ஒலிப்பதிவு ஒன்று, எழுத்து வடிவம் கைவசம் இருப்பதாகப் பார்த்து எடுங்கள். முதலில் இரண்டு முறை கேட்க மட்டும். மூன்றாவது முறை நிறுத்தி நிறுத்தி எழுதுங்கள். பிறகு எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு, தவறிய இடங்களைச் சிவப்பில் குறியுங்கள். கடைசியாக, பேசுபவரோடு அரை நொடி பின்தங்கி நீங்களும் உரக்கச் சொல்லுங்கள். சிவப்புக் குறிகளை வாரம் ஒருமுறை எண்ணிப் பார்த்தால் எந்த ஒலி உங்களை ஏமாற்றுகிறது என்று தெரிந்துவிடும். லிஸ்பன் வழக்கு என்றால் அது பெரும்பாலும் விழுங்கப்பட்ட உயிராகவே இருக்கும். பேச்சு வேகமாக இருப்பதுபோல் தோன்றுவதும் அதனால்தான்.

பெயரும் வினையும்

பெயர்ச்சொல் ஒவ்வொன்றுக்கும் ஆண், பெண் பால் உண்டு. சொல்லைத் தனியே மனப்பாடம் செய்யாமல் அதன் முன்னே வரும் பால்காட்டும் சிறுசொல்லோடு சேர்த்தே பிடியுங்கள். நம் வீட்டிலேயே பத்துச் சொற்கள் தயாராக இருக்கின்றன. ஜன்னல், சாவி, மேசை, இலங்கையில் கதிரை, துவாய், குசினி ஆகியவை அங்கே பெண்பால். அலமாரி, சப்பாத்து, பாண், அன்னாசி ஆண்பால். முதல் வாரத்துக்கு இது போதும். ஆனால் தமிழ் உச்சரிப்பை எடுத்துச் செல்லாதீர்கள். ‘ஜனேலா’வில் அழுத்தம் நடுவில் விழும். ‘ஆஜென்’ என்று முடிவன பெண்பால், ‘ப்ரொப்ளேமா’, ‘ஸிஸ்தேமா’, ‘பொஏமா’ போன்ற கிரேக்கச் சொற்கள் அகரத்தில் முடிந்தும் ஆண்பால். முதலாண்டு விடைத்தாளில் மதிப்பெண் ஒழுகுவது இந்த ஓட்டைகளில்தான்.

வினையில் தமிழ் அறிவு நேரடியாகக் கைகொடுக்கும். ‘வந்தேன்’ என்றாலே ‘நான்’ அடங்கிவிடுகிறதல்லவா, இங்கும் அப்படியே. ஆங்கிலம் வழியாக யோசிக்கும்போதுதான் தப்பு நடக்கிறது. ‘தெஞு எஷ்துதாது’ என்பதை ஆங்கிலத்தின் அமைப்பைப் பார்த்துப் ‘படித்திருக்கிறேன்’ என்று எடுத்துக்கொள்வார்கள். அதன் பொருள் ‘கொஞ்ச நாளாகப் படித்துவருகிறேன்’ என்பது. ‘படித்திருக்கிறேன்’ என்று சொல்ல எளிய இறந்தகாலமே போதும்.

ஆள்காட்டும் செயவென் எச்சம் என்று ஒன்று உண்டு. ‘நாம் போவது நல்லது’ என்பதில் போவதற்கே ‘நாம்’ என்ற விகுதி ஒட்டிக்கொள்ளும். வினையெச்சத்துக்குத் தனி எழுவாய் தருவது தமிழருக்குப் பழகிய கட்டு என்பதால் இது பயப்படும்படி இல்லை.

பயப்பட வேண்டியது எதிர்காலச் சார்பு வினை. ‘வந்தால்’, ‘பார்க்கும்போது’ என்று இனி நடக்கப்போவதைச் சொல்ல வேண்டிய இடங்களிலெல்லாம் இது வரும், அன்றாடப் பேச்சிலும் வரும். ஆக்கும் முறை எளிது: இறந்தகாலத்தில் ‘அவர்கள்’ வடிவத்தை எடுத்துக் கடைசி ‘-அம்’மை வெட்டுங்கள். ‘அவர்கள் வைத்திருந்தார்கள்’ என்பது ‘திவேரம்’, வெட்டினால் ‘திவேர்’. இப்போது பொறி. ‘அவர்கள் பார்த்தார்கள்’ என்பது ‘வீரம்’, அதிலிருந்து கிடைப்பது ‘வீர்’. ஆனால் ‘வீர்’ என்பதுதான் ‘வருதல்’ என்ற வினையின் அகராதி வடிவமும். ஆக ‘குவாந்து வீர்’ என்று கண்டால் ‘நான் பார்க்கும்போது’ என்று பொருள். ‘நான் வரும்போது’ என்பதற்கு ‘குவாந்து வியேர்’. ஒழுங்கற்ற வினைகள் பத்துப் பன்னிரண்டை இப்படி இறந்தகாலத்திலிருந்து வெட்டி வெட்டி எழுதிப் பழகுங்கள். பட்டியலாக உருப்போட்டால் தேர்வறையில் நினைவுக்கு வராது.

ஸ்பானிஷ் தெரிந்தவர்களுக்கு ஒரு சொல். வாசிப்பில் ஓராண்டு முன்னால் இருப்பீர்கள், பேச்சில் ஓராண்டு பின்னால். ‘போல்வு’ அங்கே தூசி, இங்கே எண்காலிக் கணவாய். ஸ்பானிஷில் நேர்த்தியானது என்று பொருள்படும் சொல் இங்கே விசித்திரமானது என்றாகும். முதல் ஆறு மாதம் ஸ்பானிஷ் கேட்பதையே நிறுத்தி வைப்பது நல்லது.

மரியாதை வழக்கும் பாடம்தான். போர்ச்சுகலில் பேராசிரியரை ‘வொஸே’ என்று அழைத்தால் முகம் சுளிப்பார்கள். ‘துணிந்து நீர் என்கிறானே’ என்பதுபோல ஒலிக்கும். ‘ப்ரொஃபெஸோர்’, ‘ப்ரொஃபெஸோரா’ என்று பதவியைச் சொல்லி, வினையைப் படர்க்கையில் வையுங்கள். பிரேசிலில் அதே ‘வொஸே’ எல்லோருக்கும் பொதுவானது.

இலக்கியத் தாள்கள்

போர்ச்சுகல் கவிஞர் கமோயிஷின் ‘லூசியாட்ஸ்’ காப்பியத்தில் தொடங்கி நொறுங்கிப்போனவர்கள் பலர். 1572-இல் அச்சான நூல், 10 காண்டம், 1102 பாடல், ஒவ்வொன்றும் 8 அடி. லத்தீன் வாக்கிய வரிசையும் கிரேக்கத் தொன்மமும் தெரியாமல் உள்ளே போனால் மூன்றாம் பக்கத்தில் மூச்சு முட்டும். முதலாண்டில் பிரேசில் பத்திரிகைப் பத்தி எழுத்தும் 20-ஆம் நூற்றாண்டுச் சிறுகதைகளும். அடுத்து 13, 14-ஆம் நூற்றாண்டுக் காதல் பாடல்கள். பெண் பேசுவதாக ஆண் புலவர் பாடிய அவை அளவில் சிறியவை, அடிகள் திரும்பத் திரும்ப வரும், தலைவி கூற்று தெரிந்த நமக்கு உடனே பிடிபடும். கொயம்ப்ராவில் இன்றிருக்கும் பல்கலைக்கழகத்தை 1290-இல் நிறுவிய மன்னர் தினிஷ் பெயரிலேயே அப்படியும் பிறவுமாக 137 பாடல்கள் கிடைக்கின்றன. காப்பியத்தை அதன் பிறகு எடுங்கள்.

எடுத்ததும் அலகிட வேண்டும். அசையைக் கடைசி அழுத்தம் வரை மட்டுமே எண்ணுவார்கள், அதன் பின் வருவது கணக்கில் சேராது. சொல்லிறுதி உயிரும் அடுத்த சொல்லின் முதல் உயிரும் ஒன்றாகிவிடும், நம் புணர்ச்சி போல. காப்பியத்தின் முதல் அடி இது: அஸ் / ஆர் / மஸ் / இயுஸ் / ப / ரோயிஸ் / அ / ஸி / ந / லா / துஸ். எண்ணிக்கை பத்து. அழுத்தம் ஆறிலும் பத்திலும் விழுகிறது, அதாவது ‘ரோயிஸ்’, ‘லா’. நான்காவதில் இரண்டு சொற்கள் ஓரசையாக ஒட்டியிருப்பதைக் கவனிக்காதவர்களுக்குப் பதினொன்று வரும், அடி உடைந்துபோகும். ஒரு காண்டத்தில் பத்துப் பாடலையாவது பென்சிலால் வெட்டிப் பார்த்துவிட்டால், கவிஞர் எங்கே வேண்டுமென்றே அழுத்தத்தை நகர்த்துகிறார் என்று தெரியத் தொடங்கும். தேர்வில் எழுத வேண்டியதும் அதுதான்.

உரைநடையை மூன்று முறை படியுங்கள். முதல் முறை அகராதியைத் தொடாமல். இரண்டாம் முறை வினைகளை மட்டும் அடிக்கோடிட்டு, யார் எப்போது செய்தார் என்று பார்த்துக்கொண்டு. மூன்றாம் முறை அகராதியோடு, பக்கத்துக்கு 15 சொல்லுக்கு மேல் தேடாமல். இரண்டாம் ஆண்டிலிருந்து போர்த்துக்கீசியம்–போர்த்துக்கீசியம் அகராதிக்கு மாறிவிடுங்கள். ஐரோப்பிய வழக்குக்கு ப்ரிபெராம் இணையத்தில் இலவசம், பிரேசிலுக்கு ஹுவாய்ஸ்.

சில எழுத்தாளர்களிடம் எல்லோரும் விழும் பள்ளங்கள் உண்டு. போர்ச்சுகல் கவிஞர் பெர்னாண்டோ பெசோவா தன் கவிதைகளில் பலவற்றைக் கற்பனைக் கவிஞர்களின் பெயரில் எழுதினார். ஆல்பர்டோ கய்ரோ, ரிக்கார்டோ ரெய்ஸ், ஆல்வரோ த காம்போஸ் ஒவ்வொருவருக்கும் தனிப் பிறப்பும் தனி நடையும் உண்டு. கய்ரோவின் கவிதைக்குப் ‘பெசோவா கூறுகிறார்’ என்று எழுதினால் அந்தப் பத்தி வீண். போர்ச்சுகல் நாவலாசிரியர் சரமாகோவின் நாவல்களில் உரையாடலுக்கு மேற்கோள் குறி இராது. காற்புள்ளிக்குப் பின் பெரிய எழுத்து வந்தால் பேசுபவர் மாறிவிட்டார் என்று பொருள். இரண்டு வண்ணப் பென்சில் போதும், முதல் 20 பக்கத்துக்குள் பழகிவிடும். பிரேசில் எழுத்தாளர் மச்சாடோவின் 1899 நாவலான ‘டோம் காஸ்முர்ரோ’வில் மனைவி துரோகம் செய்தாளா இல்லையா என்று தீர்ப்பு எழுதும் மாணவர்கள் நிறையப் பேர். கதை சொல்லும் கணவர் வழக்குரைஞர். அவர் எதைச் சொல்லி எதை மறைத்து வாசகரை இழுக்கிறார் என்பதை எழுதுங்கள்.

ஆப்பிரிக்க நூல்களில் அகராதி ஒரு கட்டத்தில் கைவிரித்துவிடும். லுவாண்டினோ வியெய்ரா அங்கோலாவின் தலைநகர் லுவாண்டாவில் வழங்கும் கிம்புண்டு மொழிச் சொற்களையும் வாக்கியப் போக்கையும் எடுத்து எழுதினார். மொசாம்பிக்கின் மியா கோத்தோ சொற்களை ஒட்டிப் புதிதாகவே செய்கிறார். அது பிழையல்ல, குடியேற்ற மொழியைத் தமதாக்கிக்கொண்ட கைவேலை. அத்தகைய சொற்களுக்கு ஒரு தனி நோட்டு வைத்து, எந்த இரண்டு துண்டுகள் சேர்ந்தன என்று எழுதி வாருங்கள். இந்தத் தாளைப் பலரும் விருப்பப்பாடமென்று தள்ளிவிடுகிறார்கள், அது பெரிய இழப்பு.

பண்பாட்டுத் தாளை உணவும் இசையும் என்று எண்ணிவிட வேண்டாம். 1755 நவம்பர் 1 லிஸ்பன் நிலநடுக்கம், 1822 பிரேசில் விடுதலை, 1888-இல் அங்கே அடிமைமுறை ஒழிப்பு, 1961-இல் கோவா இந்தியாவோடு சேர்ந்தது, 1974 ஏப்ரல் 25 போர்ச்சுகல் புரட்சி, 1975-இல் அங்கோலா, மொசாம்பிக் விடுதலை: இந்தக் கம்பியில்தான் நாவல்கள் கோக்கப்பட்டிருக்கின்றன. அடிமை வணிகத்தைத் தவிர்த்துவிட்டு ‘கண்டுபிடிப்புகளின் காலம்’ என்று மட்டும் எழுதும் விடை பாதி விடை.

சான்றிதழ்த் தேர்வு

லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் தேர்வுகள் நிலைக்கு ஒன்றாக இருக்கும்: ஏ2-வுக்கு சிப்ளே, பி1-க்கு தெப்ளே, பி2-வுக்கு திப்ளே, சி1-க்கு தாப்ளே. எந்த நிலைக்கு எழுதுகிறோம் என்பதை நாமே தேர்ந்துகொள்ள வேண்டும். பிரேசிலின் செல்பே-பிராஸ் அப்படியல்ல. எல்லோருக்கும் ஒரே தாள். பெறும் மதிப்பெண்ணைப் பொறுத்து நான்கு நிலைகளில் ஒன்று கிடைக்கும். மூன்று மணி நேரத்தில் நான்கு எழுத்துப் பணிகள், ஒன்று காணொளியைப் பார்த்து, ஒன்று ஒலியைக் கேட்டு, இரண்டு உரைகளைப் படித்து. வாய்மொழி 20 நிமிடம். இலக்கணம் சுத்தமாக இருந்தும் மதிப்பெண் போவது, யாருக்கு எழுதுகிறோம் என்பதை மறப்பதால்தான்: நகராட்சிக்குக் கடிதம் கேட்டால் கட்டுரை எழுதி வைப்பார்கள்.

ஆய்வேடு

முதுகலைக்குத் தலைப்புத் தேடும் தமிழருக்கு வேறு எவருக்கும் எளிதில் திறக்காத ஒரு கதவு இருக்கிறது. 1554-இல் லிஸ்பனில் ஒரு சமயக் கையேடு தமிழை ரோமன் எழுத்திலும் அதன் போர்த்துக்கீசியப் பொருளோடும் அச்சிட்டது. என்றிகே என்றிகேஸ் பாதிரியார் தமிழ் இலக்கணத்தைப் போர்த்துக்கீசியத்தில் எழுதினார்; அவர் ஆக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் தமிழெழுத்திலேயே அச்சேறியது. அந்தாம் தெ ப்ரொவென்ஸாவின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி 1679-இல் அம்பலக்காட்டில் வெளியானது. இரண்டு மொழியும் தெரிந்தவர்தான் இவற்றை முழுதாகப் படிக்க முடியும், அப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவு.

ஆர்வத்தில் தலைப்பைப் பதிவு செய்துவிடாதீர்கள். முதலில் அந்தக் காலக் கையெழுத்தில் மூன்று பக்கத்தை நீங்களே எழுத்துக்கு எழுத்து பெயர்த்துப் பாருங்கள். லிஸ்பனின் தோர்ரே தோ தோம்பு ஆவணக் காப்பகம் இணையத்தில் படிமங்கள் தருகிறது. எழுத்தின் மேல் ஒரு கோடு இருந்தால் மகரமோ னகரமோ விடுபட்டிருக்கிறது. கியூ மேல் கோடிட்டால் அது ‘கெ’ என்ற சொல். உகரமும் வகரமும் ஒன்றுக்கொன்று இடம் மாறும், ஒரே பக்கத்தில் ஒரே பெயர் மூன்று விதமாக வரும். சுருக்கங்களை விரிக்கும்போது நீங்கள் சேர்த்த எழுத்தைச் சாய்வாகக் காட்டுங்கள், எழுத்துக்கூட்டலைத் திருத்தாதீர்கள். தமிழ்ப் பெயர்களை மட்டும் ஓரத்தில் தனியே குறித்து, ஊர்ப்பெயரா ஆட்பெயரா என்று அன்றே முடிவு கட்டாமல் விட்டு வையுங்கள். பத்து மணி நேரத்தில் மூன்று பக்கமும் முடிந்தால் தலைப்பை எடுத்துக்கொண்டு நெறியாளரிடம் போகலாம். முடியாவிட்டால் ஒரு செமஸ்டர் தொல்லெழுத்துத் தாளில் உட்கார்ந்துவிட்டு, அதே மூன்று பக்கத்தை மறுபடி எடுங்கள்.